பிடிச்சா வட்டம், விட்டா கோணல்

திருவொற்றியூரில் எங்கள் பட்டறை எண்ணூர் நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு சந்து தள்ளி. கன்டெய்னர் லாரி போனால் அளவு பார்க்கிற சமதளமான சர்ஃபேஸ் பிளேட்டில் இருக்கும் டயல் முள் லேசாக நடுங்கும். அது அடங்கும்வரை காத்திருந்து அளவு பார்ப்பது எனக்குப் பழக்கம். அதனால் போன மாதம் 40 அலுமினிய வளையங்கள் திரும்பி வந்தபோது முதலில் லாரி மேல்தான் சந்தேகப்பட்டேன்.

உள்விட்டம் 110 மி.மீ., எச்7 என்ற அளவுத் தரம். அதாவது 110-க்கு மேல் 35 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) வரைதான் கூடலாம். சுவர் கனம் வெறும் 4 மி.மீ. வட்டத்திலிருந்து விலகல் 20 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். வாங்கியவர்கள் 60 என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். உள்விட்டம் அளக்கும் போர் கேஜை விட்டு எல்லாத் திசையிலும் பார்த்தேன். முள் அசையவில்லை. வளையத்தைப் பிடித்துச் சோதிக்கும் செக்கிங் ஃபிக்ஸ்சரில் மாட்டிச் சுற்றினேன், அதிலும் சுத்தம்.

"இன்னாண்ணே, நம்ம பீஸு கரெக்டாத்தானே கீது" என்றான் லேத் பையன். நானும் அப்படியே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் வளையத்தின் வெளிப்பக்கம், லேத் சக்கில் பிடித்து இறுக்கும் தாடைகளான மூன்று ஜாவின் தடம் கண்ணில் பட்டது. செலவு மிச்சம் என்று அந்த ஃபிக்ஸ்சரைப் பழைய மூன்று ஜா சக்கில் செய்தவன் நான்தான். பையன்கள் லேத்தில் பிடித்த அதே தடத்திலேயே இதிலும் வைத்து இறுக்கி வந்திருக்கிறார்கள்.

சரி என்று வளையத்தை இறுக்காமல் ரோட்டரி டேபிளில் சும்மா வைத்து, சென்டர் பார்த்து, உள்சுவரைத் தொட்டு ஏற்ற இறக்கம் காட்டும் லீவர் டயலை உள்ளே விட்டேன். ஒரு சுற்றுக்கு முள் மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கியது. பள்ளம் மூன்றும் ஜா தடத்துக்கு நேர் உள்ளே! ஜா அழுத்தி உள்ளே தள்ளிய இடத்தில் டூல் கூடுதலாகச் சீவியிருக்கிறது. பிடி விட்டதும் சுவர் பழைய இடத்துக்குப் போக, அங்கே பள்ளம். ஃபிக்ஸ்சரில் மறுபடி இறுக்கினால் மறுபடி வட்டம். போர் கேஜுக்கும் இது பிடிபடாது. அது எதிரெதிராக இரண்டு புள்ளியைத்தான் தொடும். ஒரு பக்கம் பள்ளம் என்றால் எதிர்ப்பக்கம் மேடு, கூட்டினால் அதே விட்டம்.

இப்போது லேத்தில், சுற்றளவு முழுக்க அணைத்துப் பிடிக்கிற மாதிரி சாஃப்ட் ஜா கடைந்து மாட்டியிருக்கிறோம். அளக்கும்போது மூன்று பேட் மேல் உட்கார வைப்பதோடு சரி, இறுக்குவது கிடையாது.

அந்த 40 வளையமும் தேறாது. பள்ளத்தின் ஆழத்துக்கு வட்டமாகக் கடைந்தால் விட்டம் அளவைத் தாண்டிவிடும். ஒன்றை மட்டும் பையன் ஆணியில் மாட்டி, ஷட்டர் சாவியைக் கோத்து வைத்திருக்கிறான்.