இஸ்தான்புல் தெருவில் காரம் தேடி

கடிக்கோய் படகுத்துறையில் இறங்கியதும் எதிரில் நிற்பது சோள வண்டி. ஒரு பக்கம் கரியில் வாட்டிய கதிர், இன்னொரு பக்கம் வெந்நீரில் அவித்தது. கடல்காற்றில் அந்தப் புகை வரும்போது மெரினாவில் வளர்ந்தவருக்குக் கால் தானாக வண்டிப் பக்கம் போகும். கடைக்காரர் கதிரை எடுப்பார், உப்பைத் தூவுவார், காகிதத்தில் சுற்றி நீட்டுவார். முடிந்தது. எலுமிச்சை மூடியை மிளகாய்த்தூளில் தொட்டுக் கதிர் நெடுக அழுத்தித் தேய்க்கும் அந்த அரை நிமிடம் இந்த ஊரில் இல்லை. அதற்காகக் காத்து நின்றால், இன்னொன்று வேண்டுமா என்று அன்பாகக் கேட்பார்.

வேலைக்கோ படிப்புக்கோ இங்கே வந்து குடியேறும் தமிழருக்கு முதலில் சுருக்கென்று தைப்பது இந்த வெறும் உப்புச் சோளம்தான். அதை வைத்து, துருக்கியில் காரமே கிடையாது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. காரம் இருக்கிறது. எந்த வண்டியில் இருக்கிறது, எப்படிக் கேட்பது என்று தெரிய வேண்டும்.

மசாலா சேரும் பண்டம் விற்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரு கேள்வி வரும்: காரமாகவா, காரம் இல்லாமலா? 'அஜிலி' என்றால் காரம். அது மட்டும் நமக்குப் போதாது. 'போல் அஜிலி' என்று கேட்க வேண்டும், நிறைய என்று பொருள். அப்போதும் கைக்கு வருவது புல் பிபெர் என்னும் மிளகாய்ச் செதில். விதையைப் பெரும்பாலும் நீக்கி, லேசாக எண்ணெயும் உப்பும் சேர்த்து இடித்தது. நிறமும் மணமும் உண்டு, உறைப்பு மட்டு. உண்மையில் உறைக்க வேண்டுமென்றால் ஊறிய பச்சை மிளகாய் இருக்கிறதா என்று கேளுங்கள். உப்புநீரிலும் வினிகரிலும் ஊறிய அந்த மெல்லிய மிளகாய் சில நாள் சாதுவாக இருக்கும், சில நாள் கண்ணில் நீர் வரவைக்கும். கேட்கும்போது 'ஆபி' என்று சேர்த்துச் சொன்னால் முகம் மலரும். அண்ணே என்று கூப்பிடுவதற்கு ஈடான சொல் அது. அடுப்பில் நின்று சமைப்பவர் என்றால் 'உஸ்தா', கைதேர்ந்தவர் என்று பொருள்.

காலையில் சிமித். திராட்சைப் பாகைத் தண்ணீரில் கரைத்து, வளையமாக முறுக்கிய மாவை அதில் முக்கி, எள்ளில் புரட்டிச் சுட்டது. அந்தப் பாகுதான் எள்ளைப் பிடித்து வைக்கிறது, மேல்தோலுக்குப் பழுப்பும் தருகிறது. சுட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மாலையில் வாங்கினால் ரப்பர்போல இழுக்கும். அங்காராவில் கிடைப்பது இதைவிட ஒல்லி, கருமை, மொறுமொறுப்பு.

ரொட்டி, ரொட்டி, மறுபடியும் ரொட்டி என்று வாரங்கள் ஓடிய பிறகு, இரவில் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி வைத்த ஒரு தள்ளுவண்டி தென்படும். உள்ளே சோறு! பிலாவ் என்கிறார்கள். குட்டையான பருத்த அரிசி, வெண்ணெயில் வறுத்த சிறு சேமியா, மேலே வெந்த கொண்டைக்கடலை, அதற்கும் மேலே பிய்த்த கோழி. மேலே வைக்கும் கோழியை வேண்டாம் என்றால் சைவமாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. பல வண்டிகளில் அரிசியே கோழி வெந்த நீரில்தான் வேகிறது. 'தவுக் சுயு வார் மி?' (கோழி வெந்த நீர் உண்டா?) என்று கேட்டுக்கொள்வது நல்லது. மிளகுத்தூள் டப்பா வண்டியிலேயே இருக்கும், தாராளமாகப் போடலாம். கூடவே அயரான் தருவார்கள். தயிரும் தண்ணீரும் உப்பும் மட்டும்தான், இஞ்சியில்லை, கறிவேப்பிலையில்லை, பெருங்காயம் இல்லை. இந்த ஊருக்குப் பழகிவிட்டோம் என்று சொல்லிக்கொள்பவர்கூட அந்த அயரானைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துவிடுவார். அக்கம்பக்கத்தார் விநோதமாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும், மோர்ச்சோறு மோர்ச்சோறுதான்.

கடலோரத்தில் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எமினோனு, கரக்கோய் பக்கம் விற்கும் பாலிக் எக்மெக் என்பது தோசைக்கல்போன்ற இரும்புத் தட்டில் வாட்டிய மீனை அரை ரொட்டிக்குள் வெங்காயம், இலைக்கோசோடு (லெட்டூஸ்) வைத்துத் தருவது. மீன் பெரும்பாலும் நார்வேயிலிருந்து உறைநிலையில் வரும் கானாங்கெளுத்தி வகை. முள் எடுத்தது என்பார்கள், ஆனாலும் நடுவரியில் சிறு முள் தங்கியிருக்கும், குழந்தைகளுக்குப் பிரித்துப் பார்த்துக் கொடுங்கள். மசாலா தடவுவதில்லை. கொழுப்பான மீன், ஆகவே எலுமிச்சையைத் தாராளமாகப் பிழியுங்கள். பக்கத்து வண்டியில் விற்கும் ஊறுகாய்நீரைக் காரமாகக் கேட்டு வாங்கி, ஒரு கடி ஒரு மிடறு என்று சாப்பிட்டால்தான் மீன் எடுபடும்.

மற்றது மித்யே தோல்மா. கடல் மட்டியைத் திறந்து, பட்டை, மிளகு, சிறு உலர்திராட்சை சேர்த்த சோற்றை அடைத்து, மூடி வேகவைத்தது. விற்பவர்களில் மிகப் பலர் கடலே இல்லாத மார்தின் பகுதியிலிருந்து வந்தவர்கள். மேல்ஓட்டைப் பிரித்து அதையே கரண்டியாக்கிச் சோற்றை வழித்து வாயில் போட வேண்டும். போதும் என்று சொல்லும்வரை ஒவ்வொன்றாகத் திறந்து கொடுத்துக்கொண்டே இருப்பார், கடைசியில் ஓடுகளை எண்ணிக் காசு வாங்குவார். இதில் எச்சரிக்கை அவசியம். மட்டி கடல்நீரை வடிகட்டி வாழும் உயிர், நீரிலுள்ள கிருமியும் உலோகமும் அதன் உடலில் சேரும். கோடை வெயிலில் பனிக்கட்டி இல்லாமல் தட்டில் கிடப்பதைத் தொடாதீர்கள். வேகமாக விற்றுத் தீரும் கடையில் மட்டும் வாங்குங்கள். ஓடு உடைந்ததையும், எலுமிச்சை பிழிந்த பிறகும் வாடை அடிப்பதையும் தயங்காமல் ஒதுக்குங்கள்.

இப்போது தமிழ் நாக்கு உண்மையிலேயே கொண்டாட வேண்டிய பண்டத்துக்கு வருவோம். சிய் கோஃப்தே. பழைய வழக்கப்படி இது பச்சை மாட்டிறைச்சியையோ ஆட்டிறைச்சியையோ புல்குர் என்னும் நுண்ணிய கோதுமை நொய்யோடு பிசைந்து செய்வது. துருக்கியின் தென்கிழக்கில் உள்ள ஷன்லிஉர்ஃபாவில் (சுருக்கமாக உர்ஃபா) இதற்கு ஒரு கதை உண்டு. ஆபிரகாமை எரிக்க நிம்ரோத் அரசன் ஊரிலிருந்த விறகையெல்லாம் திரட்டிவிட்டானாம். அடுப்பெரிக்கச் சுள்ளிகூட மிஞ்சாததால் ஒரு வேடனின் மனைவி மான்கறியைக் கல்லில் இடித்து, கோதுமையும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்தாளாம். பச்சைக்கறியால் நோய் வரும் என்பதால் கடைகளில் அதை விற்க இன்று அனுமதியில்லை. ஆகவே தெருவுக்குத் தெரு இருக்கும் சிய் கோஃப்தே கடைகளில் கிடைப்பது இறைச்சியே சேராதது, 'எத்சிஸ்'. முட்டையோ பாலோகூட இல்லை. சிலர் வால்நட் சேர்ப்பார்கள், கொட்டைப் பருப்பு ஒவ்வாதவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். சைவ உணவுக்காரர்கள் கவலையின்றி உள்ளே நுழையக்கூடிய கடை இந்த ஊரில் இதைப்போல் வேறில்லை.

அடுப்பே இல்லாமல் கோதுமை எப்படிச் செரிக்கும் என்று சந்தேகம் வரும். புல்குர் என்பது கோதுமைக்குப் புழுங்கல் அரிசி: அவித்து, காயவைத்து, பிறகு உடைத்தது. முன்பே வெந்துவிட்டதால் ஈரம் பட்டாலே இளகும். ஊரிலிருந்து கொண்டுவந்த கோதுமை ரவையை இதற்குப் பயன்படுத்தினால் மாவு வாடையும் வயிற்றுவலியும்தான் மிஞ்சும், அது வேகாத கோதுமை. கடையில் 'கோஃப்தெலிக்' என்று எழுதிய மிக நுண்ணிய வகையைக் கேளுங்கள். பிலாவுக்கான பருத்த வகையை வாங்கினால் எவ்வளவு பிசைந்தாலும் பல்லில் கல்லாய்க் கடிபடும்.

காரத்துக்கு இசோத். உர்ஃபா மிளகாயைப் பகலில் வெயிலில் காயவைத்து, இரவில் மூடிக் கட்டி வியர்க்க விடுவார்கள். நாள்கள் போகப் போகச் சிவப்பு மாறி ஊதா கலந்த கருப்பாகும். பிறகு உப்பும் எண்ணெயும் சேர்த்துக் கொரகொரப்பாக அரைப்பார்கள். நாவில் வைத்தவுடன் இனிப்பும் புகையும், உறைப்பு பிறகுதான், நிதானமாகத் தொண்டையில் ஏறும். ஈரப்பதம் உள்ளதால் திறந்த பொட்டலத்தைக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

நான்கு பேருக்கு 250 கிராம் புல்குர் போதும். அகலமான தாம்பாளத்தில் துருவிய நடுத்தர வெங்காயம் ஒன்று, நசுக்கிய பூண்டு மூன்று பல், மேசைக்கரண்டி அளவில் இசோத் மூன்று, மிளகாய்ச் சல்ச்சா ஒன்றரை, தக்காளிச் சல்ச்சா ஒன்றரை, ஒரு தேக்கரண்டி சீரகத்தூள். சல்ச்சா என்பது வெயிலிலோ அடுப்பிலோ வற்றவைத்த விழுது, அதில் உப்பு உண்டு, இசோத்திலும் உண்டு. ஆகவே உப்பை முதலில் அரைத் தேக்கரண்டி போட்டு, கடைசியில் சரிபாருங்கள். இவற்றை முதலில் நன்றாகத் தேய்த்துக் கலந்த பிறகே புல்குரைச் சேர்க்க வேண்டும். ஏழெட்டுப் பனிக்கட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, உள்ளங்கை அடியால் தாம்பாளத்தில் அழுத்தி இழுத்துப் பிசையுங்கள். பனிக்கட்டி எதற்கென்றால், பிசையும் சூட்டில் கலவை வெதுவெதுப்பாகாமல் காக்கும், ஈரத்தையும் சிறிது சிறிதாக விடும். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றினால் களியாகிவிடும், அதைத் திருத்த முடியாது. மிக்ஸியில் சுற்றினாலும் அதே கதி.

முப்பது நாற்பது நிமிடம் பிசைய வேண்டும், கை ஓய்ந்தால் இடையில் பத்து நிமிடம் மூடி வைக்கலாம், அந்த நேரத்திலும் புல்குர் ஊறும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் நான்கு விரல் தடமும் விரிசலின்றி நிற்க வேண்டும். உதிர்ந்தால் இன்னும் பிசையுங்கள். அரை எலுமிச்சைச் சாறு, இரண்டு மேசைக்கரண்டி மாதுளைப்புளி (மாதுளைச் சாற்றை வற்றக் காய்ச்சிய பாகு), கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் பிறகு. பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளும் பார்ஸ்லியும் கடைசி ஒரு நிமிடத்தில்தான். முன்பே போட்டால் நசுங்கி நீர்விட்டுக் கறுத்துவிடும்.

மாதுளைப்புளி வாங்கும்போது சீட்டைத் திருப்பிப் படியுங்கள். மாதுளைச் சாறு மட்டும் எழுதியிருந்தால் அசல். குளுக்கோஸ் பாகும் சிட்ரிக் அமிலமும் இருந்தால் அது வெறும் சாஸ். அசலின் புளிப்பில் ஒரு துவர்ப்பு இருக்கும், நாக்கு ஓரத்தைச் சுண்டும். வீட்டில் அது தீர்ந்த நாளில் கெட்டிப் புளிக்கரைசலில் துளி வெல்லம் சேர்த்துப் போட்டால் நன்றாகவே வரும். உர்ஃபாக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். நமக்குப் பிடிக்கும்.

கடையில் இதை லவாஷ் என்னும் மெல்லிய ரொட்டியில் மெல்லப் பரப்பி, இலைக்கோசு வைத்து, சாஸ் ஊற்றிச் சுருட்டித் தருவார்கள். சாஸைக் குறைத்து எலுமிச்சையைக் கூட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் இனிப்பு காரத்தை மூடிவிடும். சோளச் சிப்ஸ் வேண்டுமா என்பார்கள், அது தேவையே இல்லை. எடை சொல்லியும் வாங்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து இலைக்கோசில் வைத்துச் சாப்பிடுவதுதான் சிறப்பு.

அன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள், பச்சை வெங்காயம் மறுநாள் நெடியேறும், மேற்புறம் வறளும். மிஞ்சினால் குளிர்பெட்டியில் மூடி வைத்து, மறுநாள் தட்டையாகத் தட்டி எண்ணெயில் இருபுறமும் சிவக்கவிடுவது துருக்கி வீடுகளிலும் உள்ள வழக்கம். அவர்கள் ரொட்டியோடு சாப்பிடுவார்கள். இங்கத்துத் தயிர் மிகவும் கெட்டி, அதில் பாதியளவு பால் ஊற்றிச் சோறு பிசைந்து, கடுகு தாளித்து, இந்தப் பொரித்த கோஃப்தேயைத் தொட்டுக்கொள்ளுங்கள்.