பல் அட்டைக்குச் சந்தா கட்டலாமா?

அமெரிக்காவிலுள்ள என் தங்கை, வருடச் சந்தா கட்டிப் பல் சிகிச்சைக்குக் கட்டணக் கழிவு பெறும் அட்டைத் திட்டமொன்றில் சேரலாமா என்று நேற்றிரவு கேட்டாள். அது காப்புறுதியன்று, திட்டத்தை நடத்துபவர்கள் வைத்தியருக்கு ஒரு சதமும் கொடுப்பதில்லை, பட்டியலிலுள்ள வைத்தியர் குறைத்துத் தரும் கட்டணத்தை நாமேதான் செலுத்த வேண்டும் என்று முதலில் விளக்கினேன். சேர்ந்தபின் காத்திருக்க வேண்டிய காலமோ, வருடத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்போ பொதுவாக இல்லாததால், வேர்ச் சிகிச்சையும் பல் உறையும் உடனே தேவைப்படுபவருக்கு அது இலாபமாகலாம். வருடத்துக்கு இருமுறை சுத்தம் செய்துகொள்பவருக்கோ, சந்தாவையும் சேர்த்துப் பார்த்தால் மிச்சம் சொற்பமே. (இலங்கையில், டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் இலவசமாகப் பல் பிடுங்கிக்கொண்டு, மழையில் பஸ்ஸுக்கு நின்ற எனக்கு இந்தக் கணக்கெல்லாம் புதிது.) அவளுடைய பல் வைத்தியர் அப்பட்டியலில் இருக்கிறாரா, அட்டையின்றிக் காசாகக் கட்டினால் அவரே எவ்வளவு குறைப்பார் என்று விசாரிக்கச் சொன்னேன். விசாரித்துவிட்டாள், அவர் பட்டியலில் இல்லையாம்.