காலிக் கட்டங்களுக்காக வேளச்சேரிக்கு இரண்டு நடை

எட்டே எட்டுக் காலிக் கட்டங்கள் என்னை ஒரு வாரம் அலைக்கழித்துவிட்டன.

எங்கள் நிறுவனத்துக்குச் சென்னையில் எட்டுக் கடைகள். 2023 டிசம்பர் விற்பனை எக்செல் தாளில் வந்தது. கடைக்கு இரண்டு வரி, ஒன்று ரொக்கம், மற்றொன்று யுபிஐ. 1 முதல் 31 வரை தேதிகள் பக்கவாட்டில். அறிக்கை தயாரிக்கும் பவர் பிஐ மென்பொருளில், தரவைச் சீராக்கும் பகுதியான பவர் கொயரியில் கடை, வகை நெடுவரிசைகள் இரண்டையும் தேர்ந்தெடுத்து, மற்ற நெடுவரிசைகளை, அதாவது தேதிகளை, வரிகளாக மாற்றும் 'அன்பிவட் அதர் காலம்ஸ்' கொடுத்தேன். ஒரு நிமிட வேலை.

அறிக்கையைப் பார்த்ததும் பகீரென்றது. மிக்ஜாம் புயலில் தண்ணீர் சூழ்ந்து கிடந்த வேளச்சேரிக் கடை, தினசரிச் சராசரியில் முதலிடம்! அரை நாள் தேடிய பிறகே காரணம் பிடிபட்டது. பவர் கொயரி 'நல்' (null) என்று காட்டும் காலிக் கட்டங்களை அன்பிவட் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறது. அது பிழையல்ல, அதன் இயல்பே அப்படித்தான். அந்தக் கடையில் நான்கு நாள்கள் காலி. 31ஆல் வகுக்க வேண்டியதை 27ஆல் வகுத்திருக்கிறது.

கணக்குப் பிரிவில் கேட்டேன். "காலி என்றால் விற்பனை இல்லை மேடம், பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள்" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் வந்தது. 4, 5, 6 தேதிகளுக்கு அது பொருந்தும். வெள்ளம் வடிந்து நாளான 21ஆம் தேதி ஏன் காலி?

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி வேளச்சேரிக் கடைக்குப் போனேன். விற்பனைப் பதிவேடு இருந்த பீரோவின் சாவி மேலாளரிடம். அவரோ வங்கிக்குப் போனவர் திரும்பவேயில்லை. ஒரு பிற்பகல் முழுவதும் வீண். கிளம்புமுன் ஒரு போன் செய்திருக்க வேண்டும். மறுநாள் கேட்டுவிட்டுப் போனேன். "அன்றைக்குக் கடை திறந்துதான் இருந்ததம்மா, தாளில் ஏற்ற விட்டுப்போய்விட்டது" என்று மேலாளர் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். நல்ல விற்பனை நாள் அது! பூஜ்யம் போட்டிருந்தால் மொத்தமும் காணாமல் போயிருக்கும்.

இப்போதெல்லாம் அன்பிவட் செய்யுமுன் 'ரிப்ளேஸ் வேல்யூஸ்' மூலம் 'நல்' இருக்கும் இடமெல்லாம் -1 போட்டுவிடுகிறேன். விற்பனையில் -1 வரவே வராது என்பதால் ஓட்டைகள் கண்ணில் பட்டுவிடும். விசாரித்து, மூலத் தாளிலேயே திருத்துகிறேன்.

அத்தோடு முடியவில்லை. ரொக்கமும் யுபிஐயும் தனித்தனி நெடுவரிசையாக வேண்டும் என்றார்கள். அதற்கு அன்பிவட்டின் எதிர்ச் செயலான 'பிவட் காலம்', அதில் தொகைகளைக் கூட்டாமல் அப்படியே வைக்கும் 'டோன்ட் அக்ரிகேட்'. தாம்பரத்தின் ரொக்கக் கட்டங்கள் எல்லாவற்றிலும் 'எரர்'. அதற்குப் பதில், தொகைகளைக் கூட்டிவிடும் 'சம்' கொடுத்தால் போய்விடும் என்றார் பக்கத்து இருக்கைக்காரர். கொடுத்தேன், போனது. ஆனால் தாம்பரத்தின் ரொக்கம் இரண்டு மடங்காகியிருந்தது! அந்த வரியை யாரோ இருமுறை ஒட்டியிருக்கிறார்கள். ஒரே கடை, ஒரே தேதி, ஒரே வகைக்கு இரண்டு தொகை இருந்ததால்தான் எரர் வந்தது. அதை மூடி மறைக்காதீர்கள். கடை, தேதி, வகை வாரியாகக் குழுவாக்கும் 'குரூப் பை' போட்டு எண்ணிக்கை 1-ஐத் தாண்டும் இடத்தைப் பாருங்கள், திருடன் அங்கே இருப்பான்.

முதலிலேயே நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டிய கணக்கு இது: 8 கடை, 2 வகை, 31 நாள், ஆக அன்பிவட்டுக்குப் பின் 496 வரிகள். வெள்ளிக்கிழமை மாலை, திருத்திய தாளை அன்பிவட் செய்ததும் கீழே 496 என்று தெரிந்தது. ரொக்கமும் யுபிஐயும் ஒரே வரியில் சேர்ந்ததால் பிவட் செய்த பிறகு 248. ஓர் எரர்கூட இல்லை.