கேம்பஸில் மோட்டார் பின்தொடர்ந்தால் முதலில் சிசிடிவியைப் பிடியுங்கள்

கோலாலம்பூரில் முதுகலை படிக்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், இன்னும் ஆய்வேட்டில் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது. நூலகம் மூடும் நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஒருவன் ஹாஸ்டல் வரைக்கும் என் பின்னாலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தான். அதே வாரத்தில் மறுபடியும் வந்தான், இந்த முறை பெயரைக் கேட்டான். அதுகூடப் பரவாயில்லை, அதற்குப் பிறகு ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததுதான் பெரிய கூத்து.

எங்கள் வளாகத்தில் இரவில் துணைக்கு ஆள் அனுப்பும் சேவை உண்டு, லிஃப்டுக்கு லிஃப்ட் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், யாரும் எடுக்கமாட்டார்கள். வழியில் அவசரப் பொத்தான் வைத்த மஞ்சள் கம்பமும் இருக்கிறது. அன்றைக்குப் பார்த்தால் பொத்தான் மேல் சிவப்பு பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள், பழுது என்று ஒரு தாள்கூட ஒட்டவில்லை. கடைசியில் உதவியது மெயின் வாசலில் நின்ற உதவிப் போலீஸ்காரர் ஒருவர். நம்மவர்தான். "போஸ்டர் நம்பரெல்லாம் ஆபீஸ் நேரத்துக்குத்தான் தங்கச்சி, நீ இந்த நம்பரை வச்சுக்க" என்று கார்டு போஸ்ட், அதாவது வாசல் காவல் சாவடி எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் பாதுகாப்பு ஆபீஸ். கவுண்டரில் இருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலேயே, சிசிடிவி பார்க்க வேண்டுமென்றால் போலீஸ் ரிப்போர்ட் வேண்டும், ஹாஸ்டல் வார்டன் முத்திரை வைத்த விண்ணப்பப் பாரமும் வேண்டும் என்றார். வார்டன் லீவில். முத்திரை அவருடைய மேசை டிராயரில், சாவி அவரிடம். எல்லாம் ஒருவழியாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மதியம் போனால், தொழுகை நேரம், பன்னிரண்டே காலிலிருந்து இரண்டே முக்கால் வரைக்கும் கவுண்டர் மூடியிருக்கிறது. மழை வேறு. திறந்த பிறகு அந்த அம்மா சொன்னது: அவன் முதல் தடவை வந்த இரவின் பதிவு மேலேயே புதுப் பதிவு ஏறிவிட்டதாம். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

அதனால் சொல்கிறேன், பாரம் முத்திரை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், சம்பவம் நடந்த அன்றே பாதுகாப்பு ஆபீஸுக்கு ஒரு ஈமெயில் போடுங்கள். தேதி, நேரம், பக்கத்தில் இருக்கும் விளக்குக் கம்பத்தின் எண், இன்ன கேமரா பதிவை அழிக்காமல் வையுங்கள் என்று ஒரு வரி, அவ்வளவு போதும். பிரதி கேட்டால் தனிநபர் தரவுச் சட்டத்தைக் காட்டி மறுத்துவிடுவார்கள், அதைப் போலீஸ் கேட்டு வாங்கிக்கொள்ளும். இரண்டாம் இரவுப் பதிவை நான் அப்படித்தான் காப்பாற்றினேன்.

போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கச் சம்பவம் நடந்த இடத்து நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மலேசியாவில் எந்த நிலையத்திலும் கொடுக்கலாம், அவர்களே உரிய இடத்துக்கு அனுப்புவார்கள். நிலையத்தில் காத்திருந்தது மட்டும்தான் சிரமம் என்று நினைத்தேன், ஆனால் அச்செடுத்துக் கொடுத்த தாளைப் படித்தால், நான் சொன்ன இரண்டு இரவும் ஒன்றாகிவிட்டது, 'ஒரு மோட்டார் சைக்கிள் என்னைக் கடந்து சென்றது' என்கிற அளவில் மலாயில் இரண்டு வரி. கையெழுத்து போடமாட்டேன் என்றேன். ரிப்போர்ட் எழுதிய போலீஸ்காரத் தம்பி பெருமூச்சு விட்டார், ஆனாலும் திருத்தினார்.

இதில் பிடிவாதம் பிடிக்கக் காரணம் இருக்கிறது. 2023 மே 31 முதல் குற்றவியல் சட்டத்தின் 507ஏ பிரிவில் பின்தொடர்தல் தனிக் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். ஆனால் ஒருமுறை நடந்தால் அந்தப் பிரிவில் வராது, குறைந்தது இரண்டு தடவையாவது நடந்திருக்க வேண்டும், நமக்குப் பயமோ மன உளைச்சலோ உண்டாக்கும் செயலாகவும் இருக்க வேண்டும். ஆக இரண்டு தேதியும் தனித்தனியாக இருக்கட்டும், பயந்தேன் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். 'நான் தைரியசாலி' என்று கவுண்டரில் வீராப்பு காட்ட வேண்டாம்.

ரிப்போர்ட் எண்ணையும் விசாரணை அதிகாரியின் போன் எண்ணையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால், நான்கு வாரம் கழித்து விசாரணை நிலவரத்தை எழுதிக் கேட்கலாம், கேட்டதிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ. நான் அதுவரை போக வேண்டி வரவில்லை. மிஞ்சிய பதிவில் நம்பர் பிளேட் தெரிந்தது, அதிகாரி அவனைக் கூப்பிட்டு விசாரித்தார், வெளியாள்தான், மாணவன் இல்லை. அதற்குப் பிறகு அந்த மோட்டார் எங்கள் பக்கம் தலைகாட்டவில்லை.

மஞ்சள் கம்பத்துப் பையை இப்போது எடுத்துவிட்டார்கள், பொத்தான் வேலை செய்கிறதா என்று நான் அழுத்திப் பார்க்கவில்லை. புதிதாக ஹாஸ்டலுக்கு வந்த பிள்ளைகள் போஸ்டர் எண்ணை நம்பி இருக்காமல், இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை அழைத்து யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். எடுக்கவில்லையென்றால் கார்டு போஸ்ட்டுக்கே போய் நேரடி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆள் மேல் கை வைக்கிற நிலைமை என்றால் இதெல்லாம் எதற்கு, நேரே 999 அவசர எண்தான்.