எத்தனை அடி

2009 மார்ச் 22, ஞாயிறு

பின்புறத்து மரங்கள் முழங்கால் தண்ணீரில் நிற்கின்றன. நேற்றுக் கணுக்கால்தான். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் இருக்கும் இந்த ஃபார்கோவில், ரெட் ரிவர் 18 அடி வந்தாலே வெள்ளம் என்று கணக்கு. அதைக் கடந்தாயிற்று.

இரவு எட்டுக்கு அப்பாவின் மிஸ்டு கால். அங்கே காலை ஆறரை. பேப்பரில் மேட்டூர் நீர்மட்டம் பார்த்த கையோடு எனக்கு ஒரு மணி அடித்து வைத்துவிடுவார், நான் திரும்பக் கூப்பிட வேண்டும். மதகையும் வாய்க்காலையும் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகிறது, கண் இன்னும் மதகில்தான். “உங்கள் ஆறு இன்று எத்தனை அடி?” சொன்னேன். “எங்கிருந்து அளக்கிறார்கள்?” தெரியவில்லை. “தொடக்கம் தெரியாத அடியை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?”

மார்ச் 23

முப்பது நாள். எழுதிவிட்டு அடித்தேன். மறுபடி எழுதுகிறேன். முப்பது நாள்.

மார்ச் 24

ஆறு வடக்கே ஓடுகிறது என்பதை அப்பாவால் ஏற்க முடியவில்லை. நான்கு நாளாகச் சொல்கிறேன். தெற்கே வாபெட்டனில் இரண்டு ஆறுகள் கூடி ரெட் ரிவர் ஆகிறது, அங்கிருந்து ஃபார்கோ, கனடா, வின்னிபெக் ஏரி. தெற்கில் வெயில் முந்திக்கொண்டு பனியை உருக்கிவிடும். அந்தத் தண்ணீர் வந்து சேரும்போது வடக்கே ஆறு கட்டியாகக் கிடக்கும். ஒரு காலத்தில் இந்தச் சமவெளி முழுவதுமே ஏரித் தரையாம். சரிவு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஏறிய தண்ணீர் வயலில் பரவி உட்கார்ந்துகொள்ளும்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “கடைமடையை அடைத்துவிட்டுத் தலைமதகைத் திறந்துவிட்ட மாதிரி” என்றார். இந்த ஊர்த் தொலைக்காட்சியில் ஒரு வாரமாகப் படம் போட்டு விளக்குகிறார்கள்.

அவர் சொன்னபடி நாமே ஓர் அளவுகோல் வைத்தோம். பழைய திரைச்சீலைக் கம்பியைப் பின்படிக்குக் கீழே ஊன்றி, அங்குலத்துக்கு ஒன்றாகப் பாப்பா நீல ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டாள். எட்டாவது கோடு கோணல். இனி நம் கணக்கு படியிலிருந்து கீழ்நோக்கி.

மார்ச் 25

பனி பெய்கிறது. ஆறு ஏறுகிறது. இரண்டும் ஒரே நாளில் நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

காலையில் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். பள்ளி, கல்லூரி எல்லாம் விடுமுறை. ஃபார்கோடோம் விளையாட்டரங்கில் இரவு பகலாக மணல் மூட்டை நிரப்புகிறார்கள், அது லாரியில் நம் தெருவுக்கு வருகிறது. தெருவிலிருந்து கொல்லை வரை வரிசையாக நின்று கைமாற்றினோம். மூட்டையைப் பாதிதான் நிரப்ப வேண்டும், அப்போதுதான் மிதித்தால் படிந்து இடுக்கை அடைக்கும். வாயை மடித்து அடியில் செருகி, செங்கல் மாதிரி மேல் மூட்டை கீழ் இணைப்பின்மேல் வரும்படி வைக்க வேண்டும். உறைந்த மூட்டை ஆகாது. கருங்கல்லாக உருண்டு நிற்கும், சுற்றிலும் ஓட்டை. பக்கத்து வீட்டுத் தாத்தா ஒவ்வொன்றையும் கையால் அமுக்கிப் பார்த்து, கல்லாகிவிட்டதைத் தூக்கி எறிந்தார். 1997 வெள்ளத்தில் தண்ணீர் நின்ற இடத்தில் தன் கராஜில் ஓர் ஆணி அடித்து வைத்திருக்கிறார். கேட்டால் காட்டுவார். கேட்காவிட்டாலும் காட்டுவார்.

எனக்கு இடப்பக்கம் நின்ற பெண்ணுக்குப் பதினாறு வயது இருக்கும். ஆறு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் மூட்டை கொடுத்தாள். போகும்போது என் கையுறை நனைந்திருப்பதைப் பார்த்துத் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள்.

அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். “இங்கே ஆற்றில் மணலைத் தவிர ஒன்றுமில்லை. லாரியில் அள்ளிக்கொண்டு போகிறான். அங்கே அனுப்பச் சொல்லவா?”

மார்ச் 26, வியாழன்

41 அடி, 43 கூட ஆகலாம் என்கிறார்கள். நேற்று வைத்த சுவரின்மேல் இன்னும் ஓர் அடி.

வெள்ளக் காப்பீடு எடுத்த நாளிலிருந்து முப்பது நாள் கழித்துத்தான் செல்லும். ஜனவரியில் சொன்னேன். பிப்ரவரியில் தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன், அதன்மேல் இவர் லேப்டாப்பை வைத்தார். இன்று பேஸ்மென்டிலிருந்து பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இருவரும் மாடிப்படியில் எதிரெதிரே வந்தோம். யார் ஒதுங்குவது என்பதில் தொடங்கியது. ஒரு தேதியைக்கூட விடாமல் சொன்னேன். இவர் பெட்டியைக் கீழே வைக்காமல் நின்று முழுவதையும் கேட்டார். கல்யாண ஆல்பங்கள் இருந்த பெட்டி, கனம் எனக்குத் தெரியும். அதுவே எரிச்சலைக் கூட்டியது.

அப்பா: “கரைமேல் வழிந்து உடைந்ததை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். மற்றதெல்லாம் அடியில். நண்டு வளை, எலிப் பொந்து. கசிவு தெளிவாக வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் மண்ணையும் இழுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பார்.”

போய்ப் பார்த்தேன். தெளிவு.

மார்ச் 27

40.1ஐத் தாண்டிவிட்டது. அது 1897இல் வந்தது, இதுவரை அதுதான் உச்ச அளவு. நகரத்தில் ஒரு மருத்துவமனையைக் காலி செய்துவிட்டார்கள். நம் படிக்கு 14 கோடு கீழே. மூட்டைச் சுவர் மட்டும் இல்லையென்றால் எத்தனை என்று கணக்குப் போடவில்லை.

தெளிவு. இரவு ஒன்றரைக்கு மறுபடி பார்த்தேன். தெளிவு. மூன்றுக்கு இவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, நான் கேட்காமலே, “தெளிவு” என்றார்.

மார்ச் 28, சனி

நடுநிசிக்குப் பிறகு 40.84. அதற்குமேல் ஏறவில்லை. குளிர்தான் காப்பாற்றியது, வயல்களில் பனி உருகுவது நின்றுவிட்டது. ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருந்த குளிர்.

காலையில் கம்பியைச் சுற்றி ஒரு விரல் கனத்துக்குப் பனிக்கட்டி. கோடு தெரியவில்லை. கொதிநீர் ஊற்றினேன். நீலம் கரைந்து போயிற்று. பாப்பா அழுதாள். பத்து நாளில் அவள் அழுதது இதற்கு மட்டும்தான்.

மார்ச் 29

வடக்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குள் விடியற்காலையில் தண்ணீர் புகுந்துவிட்டது. அடியில் கசிந்துதானா? அப்பாவுக்குத் தெரிய வேண்டுமாம்.

மார்ச் 31

பனிப்புயல். எதுவும் தெரியவில்லை. பம்ப் சத்தம் மட்டும். அது நிற்கும்போதெல்லாம் மூவரும் சாப்பாட்டை நிறுத்தித் தலை தூக்குகிறோம்.

ஏப்ரல் 2

இறங்குகிறது. ஆனால் இந்த மாத நடுவில் இன்னொரு ஏற்றம் இருக்கும் என்கிறார்கள், வயலில் உறைந்து கிடப்பதெல்லாம் வந்துதானே ஆக வேண்டும். மூட்டைகளை எடுக்க வேண்டாம் என்று உத்தரவு.

இவர் மேசையில் உட்கார்ந்து காப்பீட்டுத் தாளை நிரப்பிக்கொண்டிருக்கிறார். இன்று கையெழுத்துப் போட்டால் மே 2. நான் ஒன்றும் சொல்லவில்லை. பேனா எழுதவில்லை என்றார், வேறு பேனா கொடுத்தேன். பாப்பாவின் நீலம்.

எட்டு மணி. மிஸ்டு கால். கம்பியைப் பார்த்துவிட்டு வருகிறேன்.