முதல் மழையை நம்பாதீர்கள்: கரிசல் மானாவாரி விதைப்பு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் பேச்செடுத்தால் "மழை கொறஞ்சு போச்சு" என்பார்கள். பாதி சரி. 2016-ல் வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்க இயல்பில் பாதிகூடப் பெய்யவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. இரண்டும் செய்தியானது. செய்தியாகாத சேதம் ஒன்று உண்டு: புரட்டாசியில் ஒரு மழை, அடுத்து மூன்று வாரம் சுள்ளென்ற வெயில்.

பத்துப் பன்னிரண்டு மி.மீ. பெய்தால் காய்ந்த புழுதியின் மேல்பரப்பு மட்டும் நனையும். கையால் வீசி விதைத்த சோளம் அந்த ஈரத்திலேயே முளைத்துவிடும். வேர் இறங்கக் கீழே ஈரம் கிடையாது. பத்து நாளில் கருகும். அதே விதை 5 செ.மீ. ஆழத்தில் கிடந்தால் அந்த மழை அதற்கு எட்டாது. நல்ல உழவு மழை, அதாவது 20, 25 மி.மீ. பெய்தால்தான் முளைக்கும். மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பதன் சூட்சுமம் முழுக்க இந்த ஆழத்தில்தான். ஆகவே டிராக்டர் விதைப்புக் கருவியை ஓட்டுகிறவரிடம் விட்டுவிட்டு டீக்கடைக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு சாலிலும் இரண்டு இடத்தில் விரலால் கிளறி, 5 செ.மீ. அடையாளம் போட்ட குச்சியை வைத்துப் பாருங்கள். கட்டி உடையாத காட்டில் விதை மேலேயே நின்றுவிடும்.

சோளத்தை விதைக்கும் முன் கடினப்படுத்துவது, அதாவது வறட்சியைத் தாங்கும்படி விதையை ஊறவைத்து உலர்த்துவது நல்லது. ஏக்கருக்கு 6 கிலோ விதை. 4 லிட்டர் தண்ணீரில் 80 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டைக் கரைத்து, 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். எடை மறுபடி 6 கிலோவுக்கு வந்தால் காய்ந்தது என்று அர்த்தம். ராத்திரி முழுக்க ஊறவிட்டால் முளை எட்டிப் பார்க்கும். அதைக் காயவைத்தால் விதை செத்துவிடும்.

உளுந்துக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது. அது பருப்பைத் தூக்கிக்கொண்டு மண்ணுக்கு மேலே வர வேண்டும். ஆழத்தில் போட்டால், மழைக்குப் பின் இறுகிய மேல்மண்ணை முட்டித் திறக்க முடியாமல் கழுத்து ஒடியும். 3 செ.மீ. போதும், அதனால் உழவு மழை பெய்த பிறகே விதைக்க வேண்டும். ஏக்கருக்கு 8 கிலோ. இன்னொரு விதைப்புக்கான விதையைக் கையில் வைத்திருப்பது இப்போதெல்லாம் வீண் செலவு அல்ல.

மொபைலில் வரும் மாவட்ட மழைக்கணக்கை வைத்து விதைக்க வேண்டாம். ஓடைக்கு அந்தப் பக்கம் பெய்யும், இந்தப் பக்கம் தூறாது. நேரான சுவருள்ள டின் ஒன்றை மரநிழல் படாத இடத்தில் வையுங்கள். தினமும் காலை எட்டரைக்கு ஸ்கேல் விட்டு அளந்து கொட்டிவிடுங்கள். 1 மி.மீ. என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர்.

கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தொல்லை தலைகீழ். தேங்கிய நீரில் வேருக்குக் காற்று கிடைக்காமல், பயிருக்குத் தழைச்சத்துச் சேர்க்கும் வேர்முடிச்சு வேலையை நிறுத்தும். இரண்டு மூன்று நாளில் உளுந்து மஞ்சளிக்கும். உடனே உரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். முதலில் சரிவுப் பக்கம் வரப்பை வெட்டி நீரை வடியுங்கள். நிலம் கால் வைத்து நடக்கும் பதத்துக்கு வந்ததும், பூக்கும் சமயமாக இருந்தால், 4 கிலோ டிஏபி உரத்தை முந்தைய நாளே 20 லிட்டரில் ஊறவைத்து, தெளிந்த நீரை 200 லிட்டராக்கி ஒரு ஏக்கருக்கு மாலையில் தெளிக்கலாம். அடி வண்டலைக் கலக்கி ஊற்றினால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும்.