எட்டு அணைக்கட்டு, நூறு பங்கு தண்ணீர்

பாபநாசத்துக்குக் கீழே தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடியும். ஆற்று நீரை 100 பங்கு என்று வைத்து எட்டுக்கும் ரேண்டமாகப் பிரிக்கும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதி வருகிறேன். நிஜப் பங்கீட்டுக் கணக்கு வேறு, இது கற்றுக்கொள்ள. நிபந்தனை ஒன்றுதான்: எப்படிப் பிரித்தாலும் கூட்டினால் 100 வரவேண்டும்.

முதலில், மேலிருந்து வரிசையாக எடுத்தேன். முதல் அணைக்கு 0 முதல் 100க்குள் ஓர் எண், மிச்சத்தில் அடுத்ததற்கு, இப்படியே. கூட்டுத்தொகை சரியாக வந்தது. ஆனால் சராசரி 50, 25, 12.5 என்று பாதி பாதியாகக் குறைந்து, ஸ்ரீவைகுண்டத்துக்கு 0.78 மட்டுமே. அந்தப் பக்கம் நெல் போடும் சித்தப்பா திரையைப் பார்த்து, "ஏலே, இதுலயும் கடைமடைக்கு இவ்வளவுதானா?" என்றார். அவர் கேட்டது நியாயம். எட்டில் எது எங்கே இருந்தாலும் வாய்ப்பு ஒன்றாக இருக்கவேண்டும்.

அடுத்து, 0க்கும் 1க்கும் நடுவே எட்டு எண்களை எடுத்து மொத்தத்தால் வகுத்தேன். சராசரி எல்லாருக்கும் 12.5. இதோடு முடிந்தது என்றே நம்பினேன். லட்சம் முறை ஓட்டி, ஒரே அணை பாதிக்கு மேல் வாங்கும் தடவைகளை எண்ணினால் இருபதை ஒட்டித்தான் வந்தது. தாளில் போட்டால் வாய்ப்பு 5040ல் 1. எந்த எண்ணும் 1ஐத் தாண்டாது. மற்ற ஏழும் சேர்ந்து அதைவிடச் சிறியதாக அமைவது அபூர்வம். அதனால் பங்குகள் எல்லாம் நடுவிலேயே நெருங்கிக் கிடக்கின்றன.

சாத்தியமான எல்லாப் பிரிவினையும் சமமாக வரவேண்டுமென்றால், ஒரு கயிற்றில் ஏழு இடங்களை ரேண்டமாகக் குறித்து வெட்டி, துண்டுகளின் நீளத்தைப் பங்காக எடுக்கலாம். இல்லையென்றால் ஒவ்வொரு ரேண்டம் எண்ணுக்கும் இயல் மடக்கை (natural log) எடுத்து, குறியை மாற்றி, பிறகு மொத்தத்தால் வகுக்கலாம். இரண்டும் ஒரே விடைதான். இப்போது பாதிக்கு மேல் போகும் வாய்ப்பு 16ல் 1, லட்சத்துக்கு 6250. என் நிரலும் அதை ஒட்டியே எண்ணிக் காட்டியபோது அவ்வளவு சந்தோஷம்.

பிறகு சித்தப்பாவுக்காக ஒரு நிபந்தனை சேர்த்தேன்: யாருக்கும் 5க்குக் குறையக்கூடாது. பொருந்தாதவற்றைத் தள்ளிப் பார்த்தால் 1000க்கு 28தான் தேறுகிறது. அதைவிட, எட்டுக்கும் 5 முதலிலேயே கொடுத்துவிட்டு மீதி 60ஐ மேற்சொன்னபடி பிரித்தால் ஒன்றும் வீணாகாது, பரவலும் அதேதான்.

ஒவ்வோர் அணைக்கும் மேல்வரம்பு வைத்தால் இந்தக் குறுக்குவழி உதவவில்லை. இப்போதைக்குப் பொருந்தாததைத் தள்ளித்தான் ஓட்டுகிறேன்.